கோர்லியோனே யாருடைய ஊர்?

கள்ளக்கடத்தல்காரனையும் கொலைக் கும்பல் தலைவனையும் கதாநாயகனாக வைத்து எடுத்த படங்களுக்கு நம் நாட்டிலும் குறைவில்லை, வெளிநாட்டிலும் குறைவில்லை. அந்தப் படங்களைப் பார்த்துக் கைதட்டுகிறவர்களில் பெரும்பாலோர் யார்? நாம்தான். ஆலையில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள், வயலில் நடவு முடித்து வருகிறவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். சினிமாவே பார்க்காதே என்று உபதேசம் செய்ய இதை எழுதவில்லை. நன்றாக எடுத்த படத்தை நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஏன் கைதட்டுகிறோம் என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம் அல்லவா? அந்தக் கதைகளின் தாதாக்களுக்கு மாதிரியாக இருந்த நிஜ ஆட்கள் யார், அவர்கள் யாரிடம் சம்பளம் வாங்கினார்கள், யாரைச் சுட்டார்கள் என்று கேட்கலாம் அல்லவா?

இந்த வகைக் கதைகளில் உலகமெல்லாம் பேர் வாங்கியது 'காட்ஃபாதர்'. அமெரிக்காவில் மாரியோ பூஸோ என்பவர் 1969-ல் எழுதிய நாவல். 1972-ல் கொப்போலா அதைப் படமாக எடுத்தார். அதன் தலைவன் வீட்டோ கோர்லியோனே. சிசிலித் தீவிலிருந்து பிழைக்கப் போய், நியூயார்க்கில் பெரிய கும்பலுக்குத் தலைவனானவன்.

படத்தின் ஆரம்பத்திலேயே ஒருவர் அவனிடம் வந்து நிற்கிறார். சவ அடக்கத் தொழில் செய்கிறவர். அவருடைய மகளை இரண்டு வாலிபர்கள் முகம் சிதைய அடித்துப் போட்டிருக்கிறார்கள். கோர்ட் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. போலீசிடம் போனேன், கோர்ட்டுக்குப் போனேன், நியாயம் கிடைக்கவில்லை, நீங்களாவது கொடுங்கள் என்று அழுகிறார்.

தாதாவின் மீது ஜனங்களுக்கு உள்ள கவர்ச்சியின் ரகசியம் முழுவதும் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. கூலி பாக்கிக்காகப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் அலைந்தவனுக்கு அந்த மனிதரின் அழுகை புரியும். பட்டா நிலத்தைப் பறிகொடுத்தவனுக்குப் புரியும். நாம் கைதட்டுவது கொலைகாரனுக்கு அல்ல. நமக்குக் கிடைக்காத நியாயம் திரையிலாவது கிடைத்ததே என்று கைதட்டுகிறோம். இந்த ஆசையில் குற்றம் இல்லை. அந்த ஆசையை யாருடைய சட்டைப்பையில் கொண்டுபோய்ப் போடுகிறார்கள் என்பதில்தான் விவகாரம் இருக்கிறது.

அந்தக் குரல் யாருடையது?

வீட்டோ கோர்லியோனேக்கு மாதிரியாக இருந்தவர்கள் என்று நியூயார்க் கும்பல் தலைவர்கள் பலருடைய பெயர்களைச் சொல்வார்கள். அவர்களில் ஒருவன் ஃபிராங்க் காஸ்டெல்லோ. 1951-ல் அமெரிக்க செனட் கமிட்டி அவனை விசாரித்தது. முகத்தைக் காட்டக் கூடாது என்று அவன் ஆட்சேபித்ததால் டெலிவிஷனில் அவன் கைகளை மட்டும் காட்டினார்கள். அந்தக் கரகரத்த குரலைக் கேட்டுத்தான் நடிகர் பிராண்டோ தம் குரலை அமைத்துக்கொண்டார் என்பார்கள். இரண்டாம் பாகத்தில் வரும் ஹைமன் ராத் என்ற கிழவனுக்கு மாதிரி மேயர் லான்ஸ்கி. கியூபாவில் பாடிஸ்டாவின் சர்வாதிகார ஆட்சியில் ஹவானாவின் சூதாட்ட விடுதிகளை நடத்திப் பணம் குவித்தவன்.

ஆனால் பூஸோவே பின்னாளில் ஒன்றைச் சொன்னார். அந்தத் தலைவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் தம் மனதுக்குள் கேட்டது தம்முடைய தாயாரின் குரல்தான் என்று சொன்னார். அந்தத் தாய் யார்? இத்தாலியிலிருந்து போன, எழுதப் படிக்கத் தெரியாத ஏழைப் பெண். ரயில்வேத் தொழிலாளியின் மனைவி. நியூயார்க்கின் ஏழைப் பேட்டை ஒன்றில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், தோழர்களே! அந்தத் தாதாவிடம் நாம் ரசிக்கிற குணங்கள் என்ன? குடும்பத்தைக் கட்டிக் காப்பது, எளியவனுக்கு இரங்குவது, சொன்ன சொல் தவறாதது, நாலும் அறிந்து நிதானமாகப் பேசுவது. இவையெல்லாம் கும்பல் தலைவனிடமிருந்து வரவில்லை. ஒரு கூலிக்காரக் குடும்பத்துத் தாயிடமிருந்து வந்தன. அவளுடைய நல்ல குணங்களைக் கழற்றிக் கொலைகாரனுக்குச் சட்டையாக மாட்டிவிட்டார்கள்.

இதற்கு மேலும் ஒரு விசேஷம் உண்டு. பூஸோ சில ஆண்டுகள் முன்பே அந்தத் தாயை மையமாக வைத்து ஒரு நாவல் எழுதியிருந்தார். விமர்சகர்கள் பாராட்டினார்கள், ஆனால் விற்கவில்லை. கடன்பட்டுப் போன அவர், பணத்துக்காக எழுதியதுதான் 'காட்ஃபாதர்'. அது லட்சக்கணக்கில் விற்றது. உழைத்த தாயின் கதைக்குச் சந்தை இல்லை. அவள் குரலில் பேசிய கொள்ளைக்காரனுக்குச் சந்தை இருந்தது. இது எழுதியவர் குற்றம் மட்டுமல்ல. எதை விற்கலாம் என்று தீர்மானிக்கிறவர்கள் யார் என்பதைக் காட்டுகிற விஷயம்.

உண்மையான கோர்லியோனே

கோர்லியோனே என்பது ஒரு ஊர். சிசிலியில், பலெர்மோ நகரத்துக்குத் தெற்கே மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. கதைத் தலைவனுக்கு அந்த ஊர்ப் பெயரைத்தான் வைத்தார்கள். இப்போது உலகில் யாரிடம் அந்தப் பெயரைச் சொன்னாலும் மாஃபியா என்பார்கள். ஆனால் அந்த ஊருக்கு வேறொரு சரித்திரம் உண்டு. அது விவசாயத் தொழிலாளிகளின் சரித்திரம்.

சிசிலியின் உள்நாட்டுப் பகுதியில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கொண்ட பெரும் பண்ணைகள் இருந்தன. நிலப்பிரபுக்கள் பலெர்மோ நகரத்து மாளிகைகளில் குடியிருந்தார்கள். பண்ணையை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து, துண்டு துண்டாக ஏழைகளுக்கு வாரத்துக்கு விடுகிறவன் ஒருவன். அவனுக்குக் கீழே குதிரையும் துப்பாக்கியுமாகக் காவல்காரர்கள். குடியானவன் வாரம் குறைவாக அளந்தால் அடிக்கவும், சங்கம் என்று பேசினால் சுடவும் வைத்த ஆட்கள் இவர்கள். இந்த இடைக்குத்தகைக்காரனும் இந்தக் காவல்காரனும் சேர்ந்ததுதான் அந்த மலைநாட்டு மாஃபியா. ஏழைக்குக் காவலாக அது பிறக்கவில்லை. பண்ணைக்குக் காவலாகப் பிறந்தது.

1893-ல் கோர்லியோனே விவசாயிகள் பெர்னார்டினோ வெர்ரோ என்ற வாலிபரின் தலைமையில் சங்கமாகத் திரண்டு நின்றார்கள். விளைச்சலில் சரிபாதி வேண்டும் என்று ஒப்பந்தம் வகுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தச் சமயத்தில் வெர்ரோ ஒரு காரியம் செய்தார். போராட்டத்துக்குப் பாதுகாப்புக் கிடைக்கும் என்று நம்பி, ஊரிலிருந்த மாஃபியா ரகசியக் கூட்டத்தில் தாமே சேர்ந்தார். அந்தக் கூட்டம் யார் பக்கம் என்பது சீக்கிரமே அவருக்குத் தெரிந்துவிட்டது. விலகி வந்து அதை எதிர்த்தார். 1914-ல் ஊர் ஜனங்கள் அவரை நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1915 நவம்பர் 3-ந் தேதி, அந்தப் பதவியில் இருக்கும்போதே, நடுத்தெருவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ரௌடியை நம் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் வெர்ரோவின் கதையை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தம் முடிகிற நேரத்தில், 1944 அக்டோபரில், இத்தாலிய விவசாய மந்திரியாக இருந்த கம்யூனிஸ்டு குல்லோ புதுச் சட்டங்கள் கொண்டுவந்தார். தரிசாகக் கிடக்கும் பண்ணை நிலத்தைக் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கொடுக்க வழி ஏற்பட்டது. சட்டம் வந்துவிட்டால் நிலம் வந்துவிடுமா? சிசிலி விவசாயிகள் கொடியைப் பிடித்துக்கொண்டு, கழுதைகளோடும் கலப்பைகளோடும் தரிசு நிலத்தில் இறங்கினார்கள். கோர்லியோனேயில் அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் பிளாச்சிடோ ரிட்ஸொட்டோ. பாசிஸ்டுகளை எதிர்த்துச் சண்டையிட்டுவிட்டு ஊர் திரும்பியவர். தொழிற்சங்க நிலையத்தின் செயலாளர். சோஷலிஸ்டு.

1948 மார்ச் 10-ந் தேதி இரவு அவரைக் கடத்திக்கொண்டு போனார்கள். கொன்று, மலையிலுள்ள ஆழமான பிளவு ஒன்றில் சடலத்தைத் தள்ளினார்கள். செய்தவன் லூச்சானோ லெஜ்ஜியோ, பண்ணைக் காவல்காரனாகத் தொழிலைத் தொடங்கியவன். உத்தரவிட்டவன் என்று சொல்லப்பட்டவன் ஊர் மாஃபியாத் தலைவன் நவார்ரா. இவன் என்ன தொழில் செய்தான் தெரியுமா? டாக்டர். ஊர் ஆஸ்பத்திரியின் தலைவன். கொலையைக் கண்ணால் கண்டதாகச் சொல்லப்பட்ட 13 வயது ஆட்டிடையச் சிறுவனை ஜுரத்தோடு அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்டார்கள். சிறுவன் செத்துப்போனான். வழக்கில் லெஜ்ஜியோவுக்கு எதிராகப் போதிய சாட்சியம் இல்லை என்று கோர்ட் விடுதலை செய்தது. பத்தாண்டு கழித்து 1958-ல் அதே லெஜ்ஜியோவின் ஆட்கள் நவார்ராவையே சுட்டுக் கொன்றார்கள்.

இப்போது படத்துக்கு வருவோம். தலைவனின் மகன் மைக்கேல் 1940-களின் பிற்பகுதியில் சிசிலிக்குப் போய் ஒளிந்திருப்பதாகக் கதை. கோர்லியோனே தெருவில் நடக்கும்போது, ஊரில் ஆண்களையே காணோமே என்கிறான். குடும்பப் பகையில் ஒருவரையொருவர் கொன்று செத்துப்போனார்கள் என்று பதில் வருகிறது. அந்தக் காட்சியைப் படமெடுத்தது கோர்லியோனேயில் கூட அல்ல. தீவின் கிழக்குப் பக்கத்து ஊர்களில் எடுத்தார்கள். அது போகட்டும். ஆனால் கதை சொல்கிற அதே ஆண்டுகளில் உண்மையான கோர்லியோனேயின் ஆண்கள் எங்கே இருந்தார்கள்? தரிசு நிலத்தில் உழுதுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவரின் உடல் மலைப் பிளவில் கிடந்தது. அவர்களைச் சுட்டது குடும்பப் பகை அல்ல, குத்தகைப் பகை.

மே தினத்தில் சுட்டவன்

ரிட்ஸொட்டோ கொலைக்கு முந்தின ஆண்டு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1947 ஏப்ரல் 20-ந் தேதி சிசிலியில் நடந்த பிராந்தியத் தேர்தலில் கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் சேர்ந்த மக்கள் அணி மற்ற எந்தக் கட்சியையும்விட அதிக ஓட்டு வாங்கியது. பதினோராம் நாள் மே தினம். போர்ட்டெல்லா டெல்லா ஜினெஸ்ட்ரா என்ற மலைவெளியில் சுற்றூர் விவசாயிகள் பிள்ளைகுட்டிகளோடு கூடினார்கள். மலைச்சரிவிலிருந்து இயந்திரத் துப்பாக்கிகள் முழங்கின. 11 பேர் செத்தார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு. 27 பேர் காயமடைந்தார்கள். சுட்டது சல்வதோரே ஜூலியானோவின் கொள்ளைக் கூட்டம். ஏவியவர்கள் யார் என்பது கோர்ட்டில் கடைசிவரை நிலைநாட்டப்படவில்லை. ஜூலியானோ 1950 ஜூலையில் பிணமாகக் கிடந்தான். அவனுடைய வலக்கையாக இருந்த பிஷோட்டா 1954-ல் ஜெயிலுக்குள்ளேயே விஷத்தால் செத்தான்.

பூஸோ இந்த ஜூலியானோவை வைத்தும் 1984-ல் 'சிசிலியன்' என்று நாவல் எழுதினார். 1987-ல் படமும் வந்தது. பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்த அழகான வீரனாக அவன் அதில் உலாவுகிறான். ஆனால் இதே ஜூலியானோவைப் பற்றி இத்தாலியில் ஃபிராஞ்சஸ்கோ ரோஸி 1962-லேயே ஒரு படம் எடுத்தார். அதில் ஜூலியானோவின் முகத்தைச் சரியாகப் பார்ப்பதே அரிது. பெரும்பாலும் அவன் ஒரு சடலம், அல்லது தூரத்தில் தெரியும் ஓர் உருவம். திரையை நிறைத்து நிற்பவர்கள் ஊர் ஜனங்கள், போலீஸ், சர்க்கார், கோர்ட். அவர்களுக்கிடையே நடந்த பேரம்தான் கதை. தாதாவைப் பற்றி எடுத்தாலே தாதாவைப் புகழ்வதாகத்தான் முடியும் என்று சொல்கிறவர்களுக்கு ரோஸியின் படம் பதில்.

கப்பல்துறையில் காணாமற்போன பெயர்

அமெரிக்காவிலேயே இன்னொரு உதாரணம். நியூயார்க்கின் புரூக்ளின் கப்பல்துறையில் தினமும் காலையில் கூலியாட்களை வரிசையில் நிறுத்தி, வேண்டியவனைப் பொறுக்கி எடுப்பார்கள். வேலை வேண்டுமானால் கூலியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சங்கமே கும்பல் கையில் இருந்தது. 1939-ல் பீட் பான்டோ என்ற தொழிலாளி இதை எதிர்த்து சாதாரணத் தொழிலாளிகளைத் திரட்டினார். அவர் கூட்டத்துக்கு ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் வந்தார்கள். ஜூலை 14-ந் தேதி அவரைக் காணவில்லை. பான்டோ எங்கே என்று துறைமுகச் சுவர்களில் எழுதினார்கள். 1941 ஜனவரியில் சுண்ணாம்புக் குழியிலிருந்து சடலம் கிடைத்தது. ஆல்பர்ட் அனஸ்டாஸியாவின் கும்பல் செய்த காரியம்.

நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் இதைக் கருவாக வைத்து ஒரு திரைக்கதை எழுதினார். 1951-ல் ஹாலிவுட்டார் ஒரு திருத்தம் கேட்டார்கள். என்ன திருத்தம்? தொழிலாளிகளை மிரட்டும் வில்லன்களைக் கும்பல்காரர்களாகக் காட்டாதே, கம்யூனிஸ்டுகளாக மாற்று என்றார்கள்! மில்லர் மறுத்துக் கதையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவரோடு சேர்ந்து அந்தப் படத்தை இயக்க இருந்த எலியா கஸான், 1952-ல் விசாரணைக் கமிட்டி முன்னால் தம் பழைய தோழர்களின் பெயர்களைச் சொன்னவர். அவர் வேறொருவரின் திரைக்கதையை வைத்து 1954-ல் கப்பல்துறைப் படம் ஒன்றை எடுத்தார். நல்ல படம்தான். உலகப் புகழ் பெற்றது. அதில் கும்பல் தலைவன் இருக்கிறான், கொல்லப்படுகிற தொழிலாளி இருக்கிறான். அந்தத் தலைவனுக்கு மேலே இருக்கிற பெரிய மனிதர் மட்டும் ஒரே ஒரு கணம் வந்து போகிறார்.

இன்னொரு வேடிக்கை. 'காட்ஃபாதர்' எடுக்கும்போது 1971-ல் ஜோ கொலம்போ என்ற நிஜக் கும்பல் தலைவன் இத்தாலிய அமெரிக்கர்களின் உரிமைக்காக என்று ஒரு சங்கம் நடத்திக்கொண்டிருந்தான். திரைக்கதையில் மாஃபியா என்ற சொல்லே வரக்கூடாது என்றான். தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டார். படத்தில் அந்தச் சொல் இல்லை. யாரை மாதிரியாக வைத்தார்களோ, அவர்களே வந்து பிழைதிருத்திக் கொடுத்த கதை இது.

பாரபட்சமில்லாமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். கொப்போலா இரண்டாம் பாகத்தில் ஒரு மேஜையைக் காட்டுகிறார். ஹவானாவில் கியூபா ஜனாதிபதியைச் சுற்றி அமெரிக்கக் கம்பெனிகளின் பிரதிநிதிகளும் கும்பல்காரர்களும் சமமாக உட்கார்ந்திருக்கிறார்கள். கம்பெனி ஒன்று ஜனாதிபதிக்குத் தங்கத்தாலான டெலிபோனைப் பரிசளிக்கிறது. பாடிஸ்டாவுக்கு அப்படி ஒரு டெலிபோன் நிஜமாகவே கிடைத்திருந்தது. கூட்டாளிகள் யார் யார் என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. ஆனால் ஜனங்கள் மனதில் தங்கியது மேஜை அல்ல, தாதாவின் நாற்காலிதான்.

நம் பக்கத்துக் கதை

நமக்கும் இதில் பங்கு உண்டு. பம்பாயின் கள்ளக்கடத்தல் தலைவன் ஹாஜி மஸ்தான் ராமநாதபுரத்துப் பக்கத்தில் பிறந்து, பம்பாய்த் துறைமுகத்தில் கூலியாக இருந்தவர். 1975-ல் வந்த 'தீவார்' இந்திப் படத்தின் கதாநாயகனுக்கு அவர்தான் மாதிரி என்பார்கள். அதுதான் தமிழில் 1981-ல் 'தீ' என்று வந்தது. தாராவியிலும் மாதுங்காவிலும் கள்ளச் சாராயத்தால் பெரிய ஆளாகி, 1988-ல் சென்னையில் இறந்த வரதராஜ முதலியார்தான் 1987-ல் வந்த 'நாயகன்' படத்து வேலு நாயக்கருக்கு மாதிரி. பிழைக்கப் போன தமிழர்களுக்கு அவர் உதவி செய்தார் என்று இன்றும் சொல்வார்கள். செய்திருக்கலாம். ஆனால் அந்தக் கையில் பணம் எங்கிருந்து வந்தது? கள்ளச் சாராயத்தைக் குடித்தவன் மில் முதலாளியா? மில் தொழிலாளியும் துறைமுகக் கூலியும் குடித்தார்கள். பத்து ரூபாய் எடுத்துக்கொண்டு ஒரு ரூபாய் திருப்பிக் கொடுத்தவனை நாம் வள்ளல் என்கிறோம்.

ஆனாலும் 'தீவார்' கதையில் ஓர் உண்மை பதுங்கிக் கிடக்கிறது. கதாநாயகனின் தகப்பன் யார்? தொழிற்சங்கத் தலைவன். முதலாளி அவன் பெண்டாட்டி பிள்ளைகளைப் பிடித்து வைத்து மிரட்டி, தொழிலாளிகளைக் காட்டிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறான். வேலைநிறுத்தம் தோற்கிறது. அந்தத் தோல்வியிலிருந்துதான் மகன் கடத்தல்காரனாகிறான். சங்கம் விழுந்த இடத்தில் தாதா முளைக்கிறான். கதையில் சொன்னது பின்னால் நிஜமாகவே நடந்தது. 1982 ஜனவரி 18-ல் தொடங்கிய பம்பாய் மில் வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளிகள் ஓராண்டுக்கு மேல் நின்றார்கள். அது முறிந்தது. மில்கள் ஒவ்வொன்றாக மூடின. லால்பாகிலும் பரேலிலும் வேலையற்றுப் போன மில் தொழிலாளிகளின் பிள்ளைகள் பலரைக் கும்பல்கள் வளைத்துப் போட்டன. அந்த வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய டாக்டர் தத்தா சாமந்தை 1997 ஜனவரி 16-ந் தேதி கூலிக் கொலைகாரர்கள் சுட்டுக் கொன்றார்கள். கும்பல் தலைவர்களைப் பற்றிப் பம்பாயில் எத்தனை படங்கள் வந்தன! அந்த இரண்டரை லட்சம் பேரைப் பற்றி வந்தவை எத்தனை?

நிலம் யாரிடம் வந்தது?

ரிட்ஸொட்டோவின் இடத்துக்குக் கோர்லியோனேயில் இன்னொரு வாலிபர் வந்தார். பெயர் பியோ லா டோர்ரே, ஏழை விவசாயி மகன், கம்யூனிஸ்டு. 1950-ல் நிலத்தில் இறங்கிய போராட்டத்தில் கைதாகி ஒன்றரை ஆண்டுக் காலம் சிறையில் கிடந்தார். பின்னால் பார்லிமெண்டு மெம்பரானார். மாஃபியாவில் இருப்பதே குற்றம், அதன் சொத்தைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். 1982 ஏப்ரல் 30-ந் தேதி பலெர்மோவில் அவரையும் அவருடைய டிரைவரையும் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் மசோதா சட்டமாயிற்று. தாதாவுக்கு வலித்தது எந்த இடம் என்று பாருங்கள். ஜெயில் அவனுக்குப் புதிதல்ல. சொத்தில் கை வைத்தபோதுதான் சுட்டான்.

ரிட்ஸொட்டோவின் எலும்புகள் யாருடையவை என்று 2012-ல்தான் மரபணுச் சோதனையில் உறுதியாயிற்று. 64 ஆண்டுகளுக்குப் பின், மே 24-ந் தேதி, இத்தாலிய ஜனாதிபதி முன்னிலையில் கோர்லியோனேயில் அவருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. அவரைப் பற்றி 2000-ல் ஒரு படமும் வந்திருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு அதன் பெயர் தெரியும்?

ஆனால் படத்தைவிடப் பெரிய ஞாபகச் சின்னம் ஒன்று அங்கே இருக்கிறது. மாஃபியாத் தலைவர்களிடமிருந்து பறிமுதல் செய்த நிலங்களில் கூட்டுறவுச் சங்கங்கள் கோதுமையும் திராட்சையும் பயிர் செய்கின்றன. 2001-ல் தொடங்கிய ஒரு சங்கத்தின் பெயர் பிளாச்சிடோ ரிட்ஸொட்டோ கூட்டுறவுச் சங்கம்.

அடுத்த தடவை திரையில் தாதா வந்து, உனக்கு நியாயம் நான் தருகிறேன் என்றால், படத்தை ரசியுங்கள். வீட்டுக்கு வரும் வழியில் பிள்ளைகளிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவன் யாருடைய பண்ணைக்குக் காவல் நின்றான்? யாருடைய கூலியிலிருந்து பங்கு எடுத்தான்? சங்கம் வைத்தவனை என்ன செய்தான்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை எந்தத் தாதாவுக்கும் அடியாளாகப் போகமாட்டான்.